பஞ்சாயத்துக்கு வந்த ராணுவம்: எகிப்து 2013

2013 ஜூலை 3, இரவு ஒன்பது மணி வாக்கில் எகிப்து அரசுத் தொலைக்காட்சியில் ராணுவத் தளபதி அப்துல் ஃபத்தாஹ் அல்-சிசி சீருடையில் தோன்றினார். அரசியல் சாசனம் நிறுத்திவைக்கப்படுகிறது, உச்ச அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைவர் இடைக்கால அதிபராக இருப்பார், முன்கூட்டியே அதிபர் தேர்தல் நடக்கும் என்று வாசித்தார். ஓராண்டுக்கு முன் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முகமது மோர்சி அப்போது ராணுவக் காவலில் இருந்தார். கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் வாணவேடிக்கை வெடித்தது.

அந்த ஒளிபரப்பில் சிசி பேசியதைவிட அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் கவனிக்க வேண்டும். சுன்னி இஸ்லாமின் பழம்பெரும் கல்வி மையமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்-தய்யிப். காப்டிக் கிறிஸ்தவர்களின் போப் இரண்டாம் தவாத்ரோஸ். நோபல் பரிசு பெற்ற முகமது எல்பரதேய். இஸ்லாமியவாதிகளில் இன்னும் கடுமையான பிரிவான சலஃபிகளின் நூர் கட்சிச் செயலாளர். மோர்சிக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடத்திய தமர்ருத் இயக்கத்தின் இளைஞர். சகீனா ஃபுவாத் என்ற எழுத்தாளர். மசூதி, தேவாலயம், மதச்சார்பின்மை பேசுவோர், தாடி வைத்தவர், பெண், இளைஞர் என்று நாட்டின் எல்லாப் பிரிவையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் நடந்த தேர்தல்களை வென்ற கட்சி மட்டும் அங்கே இல்லை.

'இது ராணுவப் புரட்சியே அல்ல, மக்கள் எழுச்சிக்கு ராணுவம் துணை நின்றது' என்று வாதாடியவர்கள் இந்தக் காட்சியைத்தான் சான்றாகக் காட்டினார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த நாற்காலிகளில் யாரும் துப்பாக்கி முனையில் உட்காரவில்லை. எனக்குப் புரியாமல் இருந்த விஷயமும் அதுவேதான். 2011 இறுதியில் 'ராணுவ ஆட்சி ஒழிக' என்று தொண்டை கிழியக் கத்திய ஊர் அது. அதே ஊர் ஒன்றரை வருடத்தில் அதே ராணுவத்தை எப்படி வருந்தி அழைத்தது?

மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். மோர்சி சார்ந்த இஸ்லாமியவாத அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் ஆட்சி அவ்வளவு மோசம், வேறு வழியில்லை என்று மறு தரப்பு சொல்லும். நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எகிப்து அரசியலில் இருந்த எல்லோருமே ராணுவத்தை நாட்டாமையாக உட்கார வைத்திருந்தார்கள். அதில் முந்திக்கொண்டது சகோதரத்துவ இயக்கம்.

அந்த நாட்டாமைக்கு ஊரில் என்ன சொத்து இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1952-இல் இளம் அதிகாரிகள் மன்னர் ஃபாரூக்கை விரட்டியதிலிருந்து நகீப், நாசர், சதாத், முபாரக் என்று அதிபரானவர்கள் எல்லோரும் சீருடையிலிருந்து வந்தவர்கள். ராணுவம் போருக்கு மட்டும் இருந்த அமைப்பு அல்ல. மக்ரோனி தயாரித்தது. 'சஃபி' என்ற பெயரில் பாட்டில் தண்ணீர் விற்றது. சிமென்ட், பெட்ரோல் பங்க், சாலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இருந்தது. 2008-இல் ரொட்டித் தட்டுப்பாடு வந்து வரிசைகளில் அடிதடி நடந்தபோது, ராணுவ அடுமனைகளில் ரொட்டி சுட்டுத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். இந்த வியாபாரங்களின் மொத்த அளவு எந்தக் கணக்கிலும் வெளிப்படையாக வந்ததில்லை. ராணுவ பட்ஜெட்டை நாடாளுமன்றம் பிரித்துப் பார்த்ததும் இல்லை. போதாததற்கு, இஸ்ரேலுடனான சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி வந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு அதிபர் யார் என்பது இரண்டாவது கேள்விதான். பட்ஜெட்டைத் தொடக்கூடாது, தொழில்களைத் தொடக்கூடாது, தன் ஆட்களைத் தன் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். இந்த மூன்றும் பத்திரமாக இருந்தால் யாரோடும் குடும்பம் நடத்தலாம். 2011 பிப்ரவரி 11-இல் முபாரக்கைக் கைவிட்டதும் இந்தக் கணக்கில்தான். அவர் தன் மகன் கமாலுக்குப் பட்டம் கட்டப் பார்த்தது தளபதிகளுக்குப் பிடிக்கவில்லை. மகனைச் சுற்றியிருந்த வியாபாரிகள் தங்களுக்குப் போட்டியாக வருவார்கள் என்ற எண்ணமும் இருந்தது. 'ராணுவமும் மக்களும் ஒரே கை' என்று சதுக்கத்தில் கோஷம் போட்டபடி டாங்கிகளின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் வந்த பதினாறு மாதம் ஃபீல்டு மார்ஷல் தன்தாவி தலைமையிலான ராணுவ கவுன்சிலின் நேரடி ஆட்சி. 2011 அக்டோபரில் மாஸ்பெரோவில், அரசுத் தொலைக்காட்சிக் கட்டடத்துக்கு முன்னால் ஊர்வலம் வந்த காப்டிக் கிறிஸ்தவர்கள் மீது கவச வண்டிகள் ஏறின. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நவம்பரில் தஹ்ரீரை ஒட்டிய முகமது மஹ்மூத் தெருவில் போராட்டக்காரர்களுக்கும் போலீசுக்கும் நாள்கணக்கில் மோதல். கண்களைக் குறிவைத்துச் சுட்டார்கள் என்பது அந்தத் தெருவின் மாறாத நினைவு. சகோதரத்துவ இயக்கம் அந்தப் போராட்டத்தில் சேராமல் ஒதுங்கி நின்றது. நாடாளுமன்றத் தேர்தல் தொடங்கச் சில நாட்களே இருந்தன. தேர்தல் தள்ளிப்போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தத் தெருவில் அடிவாங்கிய இளைஞர்கள் இதை மறக்கவே இல்லை. பின்னால் மோர்சிக்கு ஆபத்து வந்தபோது அவருக்காக வருந்த ஆள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நாடாளுமன்றத் தேர்தலில் இயக்கத்தின் சுதந்திரம் மற்றும் நீதிக் கட்சியின் கூட்டணி கிட்டத்தட்ட பாதி இடங்களைப் பிடித்தது. சலஃபிகள் கால் பங்கு. அடுத்து அதிபர் தேர்தல். நாங்கள் வேட்பாளரே நிறுத்த மாட்டோம் என்று சொல்லியிருந்தவர்கள் மனம் மாறி கைராத் அல்-ஷாதிரை நிறுத்தினார்கள். அவர் தகுதி நீக்கம் செய்யப்பட, மாற்றாக வந்தவர் பொறியியல் பேராசிரியர் மோர்சி. கேலிக்குப் பேர்போன எகிப்தியர்கள் அவருக்கு 'ஸ்டெப்னி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

2012 மே மாத முதல் சுற்றில் மோர்சிக்கு 24.8 சதவீதம். முபாரக்கின் கடைசிப் பிரதமரும் முன்னாள் விமானப்படைத் தளபதியுமான அஹ்மத் ஷஃபீக்குக்கு 23.7. நாசரின் கொள்கைவழி வந்த ஹம்தீன் சபாஹி மூன்று சதவீத வித்தியாசத்தில் மூன்றாமிடம். அதாவது வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த இருவரையுமே விரும்பவில்லை. ஆனாலும் இரண்டாம் சுற்றில் இவர்களில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஆட்சி திரும்பிவிடக் கூடாதே என்று மனசே இல்லாமல் மோர்சிக்குக் குத்தியவர்களை 'எலுமிச்சை பிழிந்தவர்கள்' என்று இன்றும் எகிப்தில் சொல்கிறார்கள். தொண்டையில் இறங்காத சாப்பாட்டை எலுமிச்சை பிழிந்து விழுங்குவதைப் போல. முடிவு: மோர்சி 51.7, ஷஃபீக் 48.3. ஒரு கோடியே 32 லட்சத்துக்கு எதிராக ஒரு கோடியே 23 லட்சம் வாக்குகள். அந்த 51.7-ஐ மோர்சி தன் இயக்கத்துக்குக் கிடைத்த ஆணையாக எடுத்துக்கொண்டார். அதில் பாதி எலுமிச்சை என்பதை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூனில் நடந்த இரண்டாம் சுற்று வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு உச்ச அரசியல் சாசன நீதிமன்றம் நாடாளுமன்றக் கீழவையைக் கலைத்தது. வாக்குப்பதிவு முடிகிற இரவிலேயே சட்டமியற்றும் அதிகாரத்தையும் ராணுவ விவகாரங்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டு ராணுவ கவுன்சில் ஓர் ஆணை போட்டது. நாடாளுமன்றமே இல்லாத நாட்டுக்கு, கையைக் கட்டிய நிலையில் மோர்சி அதிபரானார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி சினாய் எல்லையில் நோன்பு திறந்துகொண்டிருந்த 16 ராணுவத்தினரைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. ஒரே வாரத்தில் மோர்சி, தன்தாவியையும் தலைமைத் தளபதி சமி அனானையும் ஓய்வுக்கு அனுப்பி, ஜூன் ஆணையையும் ரத்து செய்தார். உலகமே அசந்துபோனது, மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ராணுவத்தை அடக்கிவிட்டார் என்று தலையங்கம் எழுதினார்கள். உண்மையில் நடந்தது கிழவர்களுக்குப் பதிலாக அடுத்த தலைமுறைத் தளபதிகள் மேலே வந்தது. ராணுவ உளவுப் பிரிவின் தலைவராக இருந்த சிசி பாதுகாப்பு அமைச்சரானார். தொழுகை தவறாதவர், மனைவி முக்காடு போடுபவர் என்பதால் அவர் இயக்கத்தின் ஆள் என்று தாராளவாதிகள் பயந்தார்கள். இயக்கத்துக்காரர்களும் அப்படியே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு மோர்சி கொடுத்த விலை 2012 அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் ராணுவ அதிகாரிகளில் ஒருவராகவே இருக்க வேண்டும். ராணுவ பட்ஜெட்டை நாடாளுமன்றம் அல்ல, தளபதிகள் நிறைந்த தேசியப் பாதுகாப்பு கவுன்சில் விவாதிக்கும். ராணுவத்துக்குக் கேடு விளைவிக்கும் குற்றங்களில் பொதுமக்களையும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். ராணுவம் எப்போதும் கேட்டு வந்த பாதுகாப்பு கைக்கு வந்தது. முபாரக் காலத்தில்கூட இவ்வளவு பச்சையாகச் சாசனத்தில் எழுதியதில்லை. எண்பது வருடம் ராணுவத்திடமும் போலீசிடமும் அடிவாங்கிய இயக்கம், எதிர்க்கட்சிகளோடு பேசி உடன்பாடு காண்பதைவிட ராணுவத்தோடு பேசி முடிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு பத்து மாதம் ஓடியது.

நவம்பர் 22-இல் மோர்சி தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று பிரகடனம் செய்தார். சாசனம் எழுதும் குழுவிலிருந்து தாராளவாதிகளும் தேவாலயப் பிரதிநிதிகளும் வெளியேறியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாக வாக்கெடுத்து முடித்தார்கள். நீதிமன்றம் இந்தக் குழுவையும் கலைத்துவிடும் என்ற பயம் மோர்சிக்கு இருந்தது. கீழவைக்கு நடந்ததைப் பார்த்தால் அது வீண் பயமும் அல்ல. ஆனால் பயத்துக்கு அவர் கண்ட மருந்து நோயைவிட மோசமாகிவிட்டது. டிசம்பர் 5-இல் இத்திஹாதியா அதிபர் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை இயக்கத் தொண்டர்கள் அடித்து விரட்டினார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பொதுவாக்கெடுப்பில் சாசனத்துக்கு 64 சதவீத ஆதரவு கிடைத்தது. வாக்களிக்க வந்தவர்களோ மூன்றில் ஒரு பங்கு.

அந்த டிசம்பரிலேயே சிசி எல்லா அரசியல் கட்சிகளையும் பேச்சுக்கு அழைத்தார். எதிர்க்கட்சிகள் வருகிறோம் என்றன. கடைசி நேரத்தில் கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. ஒரு நாட்டின் அதிபருக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் சமரசம் பேச ராணுவத் தளபதி அழைப்பு விடுக்கிறார், அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அடுத்த மாதம் போர்ட் சயீதில் கால்பந்து மைதானக் கலவர வழக்கில் 21 பேருக்கு மரண தண்டனை வந்ததும் ஊர் பற்றி எரிந்தது. மோர்சி சூயஸ் கால்வாய்க் கரையின் மூன்று மாகாணங்களில் ஊரடங்கு போட்டார். மக்கள் ஊரடங்கு தொடங்கும் நேரம் பார்த்துத் தெருவில் இறங்கிக் கால்பந்து ஆடினார்கள். போலீசைக் கண்டால் கல்லெறிந்த ஊரில் ராணுவத்தினரை யாரும் சீண்டவில்லை. அவர்களும் ஊரடங்கை அமல்படுத்த மெனக்கெடவில்லை. அதே வாரம் சிசி, இந்தச் சண்டை தொடர்ந்தால் அரசே சரிந்துவிடும் என்று எச்சரித்தார். நாட்டாமை தொண்டையைக் கனைத்தது அங்கேதான்.

இதன் விளைவைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ராணுவம் வந்து தீர்த்துவைக்கும் என்ற எண்ணம் ஊரில் பரவிவிட்டால், பேசி முடிக்க யாருக்கும் அவசியம் இருப்பதில்லை. எல்பரதேய், சபாஹி, முன்னாள் வெளியுறவு அமைச்சர் அம்ர் மூசா ஆகியோர் சேர்ந்த எதிர்க்கட்சிக் கூட்டணியான தேசிய மீட்பு முன்னணி, வரவிருந்த நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. தெருவிலும் தளபதியிடமும் கிடைக்கக்கூடியதை வாக்குப்பெட்டியில் ஏன் தேட வேண்டும்? மோர்சியோ, தளபதி நம்ம ஆள் என்ற தெம்பில் பிரதமரை மாற்றக்கூட மறுத்தார். தேர்தல் சட்டத்தில் குறை கண்டு நீதிமன்றம் தேர்தலையும் நிறுத்தியது. கோபத்துக்கு வாக்குச்சீட்டு வழியாக வடிகால் இருந்த ஒரே கதவும் இப்படிச் சாத்தப்பட்டது.

ஏப்ரல் கடைசியில் தமர்ருத் இயக்கம் தொடங்கியது. ஒரு பக்கத் தாள். பாதுகாப்பு திரும்பவில்லை, ஏழைக்கு இடமில்லை, வெளிநாட்டில் இன்னும் கையேந்துகிறோம் என்று ஒவ்வொரு வரியாகக் காரணம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பிறகு 'நீ வேண்டாம்' என்று அச்சடித்த தாள். கீழே பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. சிக்னல்களிலும் மெட்ரோ வாசல்களிலும் இளைஞர்கள் நீட்டினார்கள். 2.2 கோடிப் பேர் கையெழுத்திட்டதாக இயக்கம் சொன்னது. வெளியாள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெரும் தொழிலதிபர் நகீப் சாவிரிஸ் தன் கட்சி அலுவலகங்களை இதற்குத் திறந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, முழுக்கத் தானாக முளைத்த இயக்கம் என்றும் சொல்ல முடியாது. அதற்காக அந்தக் கோபம் போலி ஆகிவிடாது. டீசலுக்கு மணிக்கணக்கில் வரிசை, கோடையில் மின்வெட்டு, 3,600 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு பாதிக்கும் கீழே போன நிலை. அந்த நேரம் பார்த்து மோர்சி லக்சர் மாகாணத்துக்கு ஒரு ஆளுநரை நியமித்தார். 1997-இல் லக்சரில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டும் வெட்டியும் சாய்த்த அமைப்போடு தொடர்புடைய கட்சிக்காரர் அவர். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டது. ஒரே வாரத்தில் அவர் விலகினார்.

ஜூன் 30 அன்று மோர்சிக்கு எதிராகத் திரண்ட கூட்டம் மிகப் பெரியது, சந்தேகமில்லை. 1.4 கோடி, 3.3 கோடி என்று சுற்றிய எண்களை மட்டும் நம்ப வேண்டாம். தஹ்ரீரிலும் சுற்றுத் தெருக்களிலும் சில லட்சங்களுக்கு மேல் ஆள் நிற்க இடமில்லை. ராணுவ ஹெலிகாப்டர்கள் மேலே வட்டமிட்டுக் கூட்டத்தின் மீது தேசியக் கொடிகளைப் போட்டன. அந்தக் காட்சியோடு ராணுவம் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள், பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ள ராணுவம் 48 மணி நேரக் கெடு விதித்தது. கெடு பொதுவாக 'எல்லா அரசியல் சக்திகளுக்கும்' என்று இருந்தது. ஆனால் கெடு முடிந்தால் ராணுவமே வழிகாட்டும் என்று அறிவித்த பிறகு எதிர்க்கட்சி எதற்கு இறங்கி வரும்? 48 மணி நேரம் சும்மா இருந்தால் போதும். மோர்சி கூட்டணி அரசு வரை வந்தார், முன்கூட்டித் தேர்தலுக்கு ஒப்பவில்லை. ஜூலை 2 இரவு தொலைக்காட்சியில் தன் பதவியின் சட்டபூர்வத்தன்மையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். அவர் சொன்னதில் தவறில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

அவர் போன சில நாளில் பெட்ரோல் பங்க் வரிசைகள் காணாமல்போயின, போலீஸ் திடீரென்று சாலைகளில் தென்பட்டது. சவூதியும் அமீரகமும் குவைத்தும் 1,200 கோடி டாலர் உதவி அறிவித்தன. அமெரிக்கா இதை ராணுவப் புரட்சி என்று ஒப்புக்கொண்டால் சட்டப்படி உதவியை நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே எந்த முடிவுக்கும் வருவதில்லை என்று முடிவெடுத்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் மட்டும் இரண்டே நாளில் எகிப்தை இடைநீக்கம் செய்தது.

ஜூலை 24-இல் சிசி, பயங்கரவாதத்தை எதிர்கொள்ள எனக்கு அதிகாரம் கொடுங்கள், தெருவுக்கு வாருங்கள் என்று கேட்டார். இம்முறை கூட்டத்தைக் கூட்டியது தளபதி. மக்கள் வந்தார்கள். ஆகஸ்ட் 14 காலையில் ரபா அல்-அதவியா சதுக்கத்தில் ஆறு வாரமாகக் கூடாரம் போட்டிருந்த மோர்சி ஆதரவாளர்களைக் கலைக்கப் படைகள் இறங்கின. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்குப்படி அந்த ஒரு சதுக்கத்தில் மட்டும் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டார்கள். அன்றே எல்பரதேய் துணை அதிபர் பதவியை விட்டு விலகினார். நவம்பரில் முன் அனுமதி இல்லாத போராட்டத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. டிசம்பரில் அதே சட்டத்தில் மூன்றாண்டு சிறைக்குப் போனவர்களில் ஏப்ரல் 6 என்ற இளைஞர் இயக்கத்தின் அஹ்மத் மாஹிர் ஒருவர். 2011-இல் முபாரக்கை எதிர்த்தவர், 2013 ஜூனில் மோர்சியையும் எதிர்த்தவர்.

வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு நான் துனிசியாவைக் காட்டுவேன். அதே 2013 கோடை. அங்கும் இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா ஆட்சியில். எதிர்க்கட்சித் தலைவர் முகமது பிராஹ்மி ஜூலை 25 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டில் இரண்டாவது அரசியல் படுகொலை. நாடாளுமன்ற வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். எகிப்து மாதிரி நமக்கும் வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கும் உண்டு. ஆனால் அழைத்தாலும் வரக்கூடிய ராணுவம் அங்கே இல்லை. சிறிய படை, விடுதலைக் காலத்திலிருந்தே அரசியலுக்கு வெளியே வைக்கப்பட்டது, காக்கத் தொழிற்சாலைகளும் இல்லை. அதற்குப் பதிலாகப் பல லட்சம் உறுப்பினர் கொண்ட தொழிற்சங்கக் கூட்டமைப்பு இருந்தது. முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து அது இரு தரப்பையும் மேசைக்கு இழுத்தது. ரபாவில் நடந்ததைப் பார்த்து என்னஹ்தாவும் மிரண்டிருந்தது. 2014 ஜனவரியில் தானாகப் பதவி விலகியது, அதே மாதம் சாசனமும் நிறைவேறியது. 2015-இல் அந்த நால்வர் அணிக்கு நோபல் அமைதிப் பரிசு. சரி, அங்கும் கதை சுபமாக முடியவில்லை. 2021-இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது அதன் வாசலில் நின்றது ராணுவ வாகனம்தான். எட்டு வருடம் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எகிப்தில் சிசி 2014-இல் கிட்டத்தட்ட 97 சதவீத வாக்கோடு அதிபரானார், 2018-இலும் 97. 2018 தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட வந்த பழைய தளபதி சமி அனான் வேட்புமனுவுக்கு முன்பே கைதானார். மோர்சி 2019 ஜூனில் நீதிமன்றத்தில் விசாரணைக்கு நடுவே விழுந்து இறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில், அரசியல் சாசனம் திருத்தப்பட்டது. அதிபரின் பதவிக்காலம் ஆறாண்டு ஆனது என்பதுதான் செய்தியாக வெளியே வந்தது. 200-ஆம் பிரிவில் நடந்த மாற்றம் அவ்வளவு பேசப்படவில்லை. நாட்டைக் காப்பதோடு, அரசியல் சாசனத்தையும் ஜனநாயகத்தையும் அரசின் குடிமைத்தன்மையையும் காப்பதும் இனி ராணுவத்தின் கடமை. பொதுவாக்கெடுப்பில் அதற்கு 88.8 சதவீத ஆதரவு கிடைத்தது.